என் மேலயும் தப்பு இருக்குது

“இது யாரோட கையெழுத்தும்மா?” என்று இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒரு தாளை நீட்டிக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. திருப்பத்தூர் கோர்ட்டில், கைத்தடியைக் கூண்டின் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, ஊர்ப்பட்ட ஜனம் பார்க்க நின்றுகொண்டிருந்தேன். தாளைப் பார்த்தேன். நகல்தான். ஆனாலும் எழுத்து முத்துமுத்தாக இருந்தது. “என்னோடதுதாங்க” என்றேன். எனக்காக வாதாடிய வக்கீல் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கவனிக்கவே இல்லை.

அது என்ன தாள் என்று சொல்ல வேண்டுமானால் ஜீப் கவிழப் பார்த்த நாளிலிருந்து சொல்ல வேண்டும்.

புதூர்நாட்டுக்கு மேலே இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. நான் அங்கே அங்கன்வாடி டீச்சர். அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் அதே ஊரில்தான், என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அவள் புருஷன், என் மாமா, சொந்தமாக ஜீப் வைத்து ஓட்டினார். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத மலையில் மாமாவின் ஜீப்தான் எங்களுக்கு எல்லாம். பிள்ளை பெறப் போனவளும் அதில்தான் இறங்கினாள், பலாப்பழமும் அதில்தான் இறங்கியது.

அன்றைக்குத் திருப்பத்தூரில் மீட்டிங் முடிந்து அந்த ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தேன். நடு சீட்டில், மடியில் ரிஜிஸ்டர் நோட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். பின்னால் படியில் அஞ்சாறு பேர் தொங்கிக்கொண்டு வந்தார்கள். மாமா ஒரு கையில் ஸ்டியரிங்கும் ஒரு கையில் போனுமாக, யாரோ வியாபாரியிடம் புளிக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். வளைவு வந்தது, ஜீப் வளையவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, ஒரு பாறையில் மோதி நின்றது. தொங்கினவர்கள் எல்லாம் குதித்துவிட்டார்கள், ஆளுக்கு இரண்டு சிராய்ப்பு. பத்திரமாக உட்கார்ந்து வந்த எனக்கு இடுப்பு மூட்டு போய்விட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆஸ்பத்திரியில் ஸ்க்ரூ வைத்துப் பூட்டினார்கள். இடது கால் இரண்டு விரல்கடை குட்டையாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்தே போலீசுக்குத் தகவல் போய், மாமா மேல் கேஸ் எழுதிவிட்டார்கள். நாங்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை.

மூன்று மாசம் கழித்து வீட்டுக்கு வந்தேன். அக்கா வந்து சமைத்தாள், என்னைக் குளிக்க வைத்தாள், துணி துவைத்தாள். மாமா மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் வரவே இல்லை. வெளியே நின்று, “டீச்சர் எப்டி இருக்குது?” என்று அக்காவிடம் கேட்டுவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஊரில் அப்படித்தான். ஒரு வீட்டால் இன்னொரு வீட்டுக்குக் கேடு வந்துவிட்டால், ஊர் கூடித் தீர்த்து வைக்கும்வரை அந்த வீட்டு ஆண் இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அக்கா இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடி ஓடி இளைத்துப் போனாள். நான்தான் ஊர்க்கவுண்டருக்குச் சொல்லியனுப்பி, கூட்டத்தைக் கூட்டச் சொன்னேன்.

கூட்டம் எப்படி நடக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் தலையில் மண் விழுந்ததே அதில்தான். கோயில் முன்னால் எல்லோரும் உட்காருவார்கள். கேடு செய்தவர் முதலில் எழுந்து தன் தப்பைச் சொல்ல வேண்டும். பிறகு கேடு பட்டவரும் எழுந்து, “என் மேலயும் தப்பு இருக்குது” என்று சொல்லி, ஏதாவது ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ஆடு செத்துப்போனவன், “நான் கட்டாம வுட்டேன்” என்பான். மண்டை உடைந்தவன், “நான் அந்த வழியா வந்திருக்கக் கூடாது” என்பான். நிஜமா பொய்யா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு பக்கத்துத் தப்பும் நடுவில் விழுந்தால்தான் சோறு பொங்குவார்கள். ஒருத்தனை மட்டும் தப்புக்காரனாக உட்கார வைத்தால் அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்காது என்பது எங்கள் ஊரின் கணக்கு. இரண்டு வீட்டுக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே கரண்டியால் போட்ட சோற்றைத் தின்று எழுந்துவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி வாயைத் திறப்பது மரியாதை இல்லை.

மகளிர் குழு, பேங்க் லோன் என்று வந்த பிறகு எங்கள் ஊருக்கும் காகிதப் பழக்கம் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் பேசியதை மூன்று தாளில் எழுதி, கவுண்டர் பெட்டியில் ஒன்று, இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்று என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். எழுதுகிற ஆள் பல வருஷமாக நான்தான். ஊரில் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். ஆனால் என் கையெழுத்து ஒருத்தருக்கும் வராது, அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதனால் என் வழக்கையும் நானே எழுதினேன்.

மாமா எழுந்து, போன் பேசியதைச் சொல்லித் தலை குனிந்து நின்றார். என் முறை வந்தது. எனக்கு என்ன தப்பு சொல்வது என்றே தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்து, படியில் தொங்கினவர்களின் தப்பை எடுத்து என் பேரில் போட்டுக்கொண்டேன். ‘தொங்க வேண்டாம் என்று டிரைவர் சொன்னதையும் மீறி நான் படியில் தொங்கிக்கொண்டு வந்தேன். என் மேலயும் தப்பு இருக்குது.’ எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

“டீச்சரா? படில தொங்குச்சா?” என்று யாரோ கேட்க, கூட்டமே சிரித்தது. சைக்கிளில் பின்னால் உட்காரவே பயப்படுகிறவள் நான். மாமா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமைச் சோறும் ஆட்டுக்கறியும். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சந்தோஷத்தால் கால் சரியாகிவிடவில்லை. மூட்டு உள்ளுக்குள்ளேயே தேய்ந்துகொண்டு வருகிறது, மாற்றாவிட்டால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கன்வாடி மேட்டில் இருக்கிறது. ஏற முடியாவிட்டால் வேலை போய்விடும். அப்போதுதான் ஒடுகத்தூர்க்காரர் ஒருவர், “கேஸ் போடுங்க டீச்சர், ஜீப்புக்கு இன்சூரன்ஸ் இருக்குதுல்ல?” என்று வழி சொன்னார். முதலில் மாமாவிடம்தான் கேட்டேன்.

“கம்பெனிதானே குடுக்கப் போவுது? என் பேர நல்லா எழுதிக்க. எனக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது?” என்றார். அக்காவும் சரி என்றாள்.

வக்கீல் சார் நல்ல மனுஷர். எங்கே உட்கார்ந்தேன், எத்தனை மணி, எந்த வளைவு என்று நூறு கேள்வி கேட்டார். ஏதாவது எழுதிக் கொடுத்தீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அந்தத் தாளை நான் காகிதம் என்றே நினைக்கவில்லை. அது அந்த நாளின் சாமைச் சோற்றோடு சேர்ந்தது, தின்று முடித்த விஷயம். அதைப் போய் யாராவது கோர்ட்டில் சொல்வார்களா?

இரண்டு வருஷம் வாய்தா வாய்தா என்று அலைந்த பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். துணைக்கு வந்த அக்கா பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் அந்தத் தாள் வந்தது.

“அழகா எழுதியிருக்கீங்க. கொஞ்சம் படிங்களேன்” என்றார் கம்பெனி வக்கீல். மெதுவாகப் பேசுகிற மனுஷர், குரலை உயர்த்தவே மாட்டார். நானும் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற குரலில் படித்தேன். ‘தொங்க வேண்டாம் என்று டிரைவர் சொன்னதையும் மீறி நான்…’ என்ற இடத்துக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாய் அப்படியே நின்றுவிட்டது. இந்தத் தாள் எப்படி இங்கே வந்தது? யார் கொண்டுவந்தது? 

“படியில தொங்கிட்டு வந்தீங்களாம்மா?”

“இல்லீங்க. சீட்டுல குந்தியிருந்தேன்.”

“அப்போ இதுல எழுதியிருக்கறது பொய்யா?”

உண்மை என்றால் கால் போச்சு. பொய் என்றால், சாமி முன்னால் ஊர் கூடி முடித்ததை நானே கலைத்தவளாகிறேன். கலைத்தவள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் மறுபடியும் சோறு தண்ணி கிடையாது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதில் சொல்லுங்கம்மா” என்றார் நீதிபதி. அவரும் ஒரு பெண்தான்.

“பொய்தாங்கம்மா” என்றேன். பிறகு, கூட்டத்தைப் பற்றி, இரண்டு பக்கமும் தப்புச் சொல்வதைப் பற்றி, கரண்டியைப் பற்றியெல்லாம் உளறினேன். கம்பெனி வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதாவது, விருந்து சாப்பிடறதுக்காகப் பொய் எழுதிக் குடுத்தீங்க” என்றார். கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க? உங்க ஊர்ல சண்டை போட்டவங்க அப்பால ஒண்ணா சோறு துன்றாங்களா?” என்று கத்திவிட்டேன். நீதிபதி அமைதியாக இருக்கச் சொன்னார். நான் இறங்கி வந்தபோது பின் பெஞ்சில் அக்கா இல்லை. அவள் தனியாகப் பஸ் பிடித்து மலையேறிப் போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஊர் கூடி முடித்ததைக் கலைத்ததற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கோ, தாளைக் கொடுத்தது யார் என்பதே மண்டைக் குடைச்சல். கம்பெனிகள் இப்படிக் கேஸ் வந்தால் ஊருக்குள் ஆள் அனுப்பி விசாரிக்கும் என்றார் வக்கீல் சார். என் தாள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. கவுண்டரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் பெட்டியைத் திறந்து காட்டிச் சத்தியம் செய்தார். நம்பவில்லை. என் வேலைக்கு ஆசைப்பட்ட ஒருத்தி பக்கத்துத் தெருவில் இருந்தாள், அவள்தான் என்று முடிவு செய்து முகம் கொடுக்காமல் இருந்தேன். அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று தினமும் விளக்கு வைத்துக்கொண்டே சபித்தேன்.

அடுத்து கம்பெனி தன் தரப்புச் சாட்சியாக மாமாவையே கூப்பிட்டது. தாளில் இருப்பதை ஆமாம் என்று சொன்னால் போதும், உன் மேல் இருக்கிற போலீஸ் கேசும் லேசாகிவிடும் என்று அந்தப் போலீஸ் கேசில் மாமாவுக்காக வாதாடிய வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தாராம். இது எனக்கு அப்புறம்தான் தெரியும். கல்யாணங்களுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையில் மாமா கூண்டில் ஏறினார். என்னைப் பார்க்கவில்லை.

“இந்த அம்மா படியில தொங்கிட்டு வந்தாங்க, சரியா?”

“இல்லீங்க சார். நடு சீட்டுல குந்திக்கினு இருந்தாங்க. மடியில நோட்டு வெச்சிருந்தாங்க.”

கம்பெனி வக்கீல் தாளைக் கீழே வைத்தார். “யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மேல கேஸ் நடக்குது.”

“தெரியுங்க. நான்தான் போன்ல புளி வெல பேசிக்கினு ஓட்டுனேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க அப்டி எழுதலேன்னா நான் அந்த வூட்டு வாசல மிதிச்சிருக்க முடியாது சார். எனக்காவ எழுதுனாங்க.”

இப்படி ஒரு மனுஷன் தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்வான் என்று நான் நினைக்கவே இல்லை. அழக்கூடத் தோன்றவில்லை.

போலீஸ் கேசில் மாமாவுக்கு அபராதம் போட்டு, லைசென்ஸையும் நிறுத்தி வைத்தார்கள். ஜீப் வீட்டு முன்னால் நீலத் தார்ப்பாய்க்குள் போனது. அவர் அடுத்தவர் கொல்லைக்காட்டில் கூலிக்குப் போனார்.

என் வழக்கில் தீர்ப்பு வந்தது. எனக்கு இழப்பீடு உண்டு. ஆனால் அதில் ஒரு பங்கைக் கழித்திருந்தார்கள். மனுதாரர் தன் கைப்பட எழுதியதை முழுவதுமாக ஒதுக்கிவிட முடியாதாம். வக்கீல் சார் அதைப் படித்துச் சொல்லச் சொல்ல எனக்குப் புரியவே இல்லை. நானும் ஜீப்பை ஓட்டிய மாமாவும் கூண்டில் ஏறி ‘இல்லை’ என்று சொல்லியாகிவிட்டது. அதற்கு மேல் என்ன வேண்டும்? “உங்க எழுத்துதாம்மா உங்களுக்கு எதிரா நிக்குது. ஆபரேஷனுக்கு எப்படியும் வரும். மேல அப்பீல் போகலாம்” என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். பேசினாலும் பேசாவிட்டாலும் போய்ச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். நாலு வீட்டுத் தூரத்துக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அக்கா அடுப்படியில் இருந்தாள். மாமா கதவோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தீர்ப்பைச் சொன்னேன். அக்கா திரும்பவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“அந்தத் தாள எடுத்துக் குடுத்த கை விளங்கவே விளங்காது” என்றேன்.

“நான்தான் குடுத்தேன்” என்றாள் அக்கா.

எனக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. கவுண்டர் பெட்டியை யோசித்தேன், ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் யோசித்தேன். மூன்றாவது தாள் என் அக்கா வீட்டில் இருந்ததை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

“பைக்ல ஒருத்தன் வந்தான். உங்களுக்குள்ள சண்டையான்னு கேட்டான். இவர ஜெயிலுக்குப் புடிச்சிக்கினு போவத்தான் வந்துகிறான்னு பயந்துட்டேன். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல சார், என் தங்கச்சியே எழுதிக் குடுத்துகிறா பாருன்னு பெட்டியிலேர்ந்து எடுத்தேன். போன்ல போட்டோ புடிச்சான். உள்ள இருட்டா இருந்துச்சு. எவ்ளோ அழகா எழுதிகிறா பாருன்னு நான்தான் வெளிய இட்டுக்கினு வந்து வெயில்ல புடிச்சுக் காமிச்சேன். பலாச்சுளை வேற குடுத்தேன் அந்தப் பாவிக்கு.”

அவளுக்குப் படிக்கத் தெரியாது. தாளில் என்ன இருக்கிறது என்பது கூட்டத்தில் கேட்டதுதான். தான் காட்டிய தாள்தான் எனக்கு எதிராக வந்து நிற்கிறது என்பது, கோர்ட்டில் நான் அதை வாய்விட்டுப் படித்தபோதுதான் அவளுக்கு விளங்கியிருக்கிறது. அதனால்தான் எழுந்து போயிருக்கிறாள். இத்தனை மாசமாக அவள் பேசாமல் இருந்ததற்கு நான் என்னென்னவோ காரணம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தினமும் விளக்கு வைத்துக்கொண்டு சபித்தது என்னைக் குளிப்பாட்டிய கையை. கைத்தடியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கவுண்டர் இல்லை, கோயில் இல்லை, கூட்டம் இல்லை. “என் மேலயும் தப்பு இருக்குது” என்றாள்.

அடுத்தது என் முறை. கைத்தடியைத் தூக்கி அடுப்பில் எறிய வேண்டும்போல இருந்தது. என் கால், மாமாவின் ஜீப், எல்லாம் போனது எதனால் என்று யாரைக் கேட்பது? அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோறு வெந்து மூடி தடதடவென்று ஆடியது, அவள் எழுந்து இறக்கவில்லை.

“டீச்சர், சீக்கிரம் சொல்லு. பசிக்குது” என்றார் மாமா கதவோரத்திலிருந்து.

“என் மேலயும் தப்பு இருக்குது” என்றேன். தப்பு என்ன என்றும் சொல்ல வேண்டுமே. “அவ்ளோ அழகா எழுதியிருக்கக் கூடாது.”

அக்கா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது அழுகை. அழுதுகொண்டே எழுந்துபோய்ச் சோற்றை இறக்கினாள். மூன்று தட்டு வைத்து, ஒரே கரண்டியால் போட்டாள்.